ச நகரும், சி நகராது: மேற்கத்திய இசைச் சொற்களோடு நான் பட்ட பாடு

பாடத் தெரியும், தாளம் போடத் தெரியும், காதால் கேட்டு கீபோர்டில் வாசிக்கவும் தெரியும், ஆனால் ஐந்து கோட்டில் புள்ளி வைத்த தாளைக் கையில் கொடுத்தால் முழிப்பேன் என்கிற ரகமா நீங்கள்? அப்படியென்றால் இது உங்களுக்குத்தான். சொல்லித்தர ஆளில்லாமல் வீடியோவையும் புத்தகத்தையும் நம்பி ஸ்கேல், கீ, இன்டர்வல், டைம் சிக்னேச்சர் என்று படிக்க உட்கார்ந்தேன். ஒரு வருடத்துக்கு மேல் போனது, அதில் பாதி வீண். பணமும் போனது. பணத்தை விட அதிகம் வலித்தது, சின்ன வயதிலிருந்து பாடிக்கொண்டிருக்கிற எனக்கே இசை அறிவில்லையோ என்று தோன்ற ஆரம்பித்ததுதான். அந்தச் சந்தேகம் வந்துவிட்டால் பிடித்த பாட்டைக்கூட நிம்மதியாகப் பாட முடியாது.

சிறுவயதில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கொஞ்சம் கீதம், அவ்வளவுதான் என் பயிற்சி. பிறகு எல்லாம் கேள்வி ஞானம். நண்பர்கள் நடத்தும் ஒரு சின்ன வாத்தியக் குழுவில் கீபோர்டு வாசிக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள், சந்தோஷமாகப் போனேன். அங்கே எல்லோரும் தாளைப் பார்த்து வாசிக்கிறவர்கள். எனக்கும் ஒரு கட்டுத் தாளைக் கொடுத்து, பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் 'ஆயுள் முழுக்கப் பார்க்கலாம்' என்ற ஒரு ஆன்லைன் வகுப்புக்கு மொத்தப் பணத்தையும் கட்டினேன். முதல் பகுதி முழுக்க நோட்டுகளின் (அவர்களுடைய ஸ்வரங்களின்) பெயரை, அதாவது ஏ முதல் ஜி வரையான எழுத்துகளை, மனப்பாடம் செய்வது. இரண்டாம் பகுதி வருவதற்குள் பணம் திரும்பக் கேட்கும் கெடு முடிந்துவிட்டது. பெரும்பாலான வகுப்புகளில் இப்படித்தான், உண்மையான விஷயம் ஆரம்பிப்பதற்குள் கெடு தாண்டிவிடும். கட்டுவதற்கு முன்னால் நடுவில் உள்ள ஏதாவது ஒரு பாடத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். முதல் பாடம் எல்லா இடத்திலும் நன்றாகத்தான் இருக்கும்.

அந்த மனப்பாடம் இருக்கிறதே, கோடுகளுக்கு ஒரு ஆங்கில வாக்கியம், இடைவெளிகளுக்கு ஒரு சொல், பேஸ் கிளெஃபுக்கு இன்னும் இரண்டு. (கிளெஃப் என்பது எந்தக் கோடு எந்த நோட்டு என்று சொல்ல வரியின் தொடக்கத்தில் போடும் குறி, மேல் சுருதிகளுக்கு ட்ரெபிள், கீழ் சுருதிகளுக்கு பேஸ்.) ஒவ்வொரு புள்ளிக்கும் அந்த வாக்கியத்தைக் கீழிருந்து மேலே ஒப்பித்துக்கொண்டே போனால் பாட்டு எப்போது வாசிப்பது? நெடுநாள் கழித்துத்தான் தெரிந்தது, நன்றாக வாசிக்கிறவர்கள் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. ட்ரெபிள் கிளெஃபின் சுருள் கீழிருந்து இரண்டாவது கோட்டைச் சுற்றி நிற்கிறது, அந்தக் கோடுதான் ஜி. பேஸ் கிளெஃபின் இரண்டு புள்ளிகளும் மேலிருந்து இரண்டாவது கோட்டுக்கு இருபுறமும் நிற்கின்றன, அது எஃப். நடு சி, அதாவது கீபோர்டின் நடுவில் உள்ள சி, ட்ரெபிளுக்குக் கீழே ஒரு குட்டிக் கோட்டில், பேஸுக்கு மேலே ஒரு குட்டிக் கோட்டில். இந்த மூன்றும் போதும். மற்றதெல்லாம் அங்கிருந்து எத்தனை படி ஏறுகிறது, எத்தனை படி இறங்குகிறது என்பதுதான். கோட்டிலிருந்து பக்கத்து இடைவெளிக்குப் போனால் ஒரு படி. கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போனால் நடுவில் ஒன்றைத் தாண்டியிருக்கிறோம், ச-விலிருந்து க-வுக்குத் தாவுவது மாதிரி. தாட்டு வரிசை பாடிய தொண்டைக்கு இந்தத் தாவல் எல்லாம் முன்பே தெரியும், கண்ணுக்குத்தான் தெரியாது.

சரி, பெரிய சிக்கலுக்கு வருகிறேன். நம் ஸ்வரப் பயிற்சியோடு இந்தப் பக்கம் வருகிற எல்லோருக்கும் இது வரும், ஆனால் எந்தப் புத்தகத்திலும் இதைப் பார்க்கவில்லை, ஏனென்றால் அவை நமக்காக எழுதப்பட்டவை இல்லை. நமக்கு ச என்பது நகரும். பாடுகிறவர் எந்தச் சுருதி வைக்கிறாரோ அங்கே ச. சி நகராது. உலகத்தில் எந்த மூலையில் வாசித்தாலும் நடு சி ஏறக்குறைய 261.6 ஹெர்ட்ஸ், அதற்கு மேலே உள்ள ஏ 440 என்று ஒப்புக்கொண்டு அதிலிருந்து கணக்கிட்டு வருவது. நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்றால், ச ரி க ம ப த நி-க்கு மேற்கத்தியர்கள் வைத்த பெயர்தான் சி டி இ எஃப் ஜி ஏ பி. சி-யில் தொடங்கும் பாட்டு வரைக்கும் இது ஓடும். டி-யில் ஒரு பாட்டு வந்தால் மண்டை குழம்பிவிடும். ரி-யை எப்படி ச ஆக்குவது?

இதைத் தெளிவாக்கியது கட்டைக் கணக்குதான். ஒரு கட்டை என்றால் சி, இரண்டு கட்டை டி, நாலு எஃப், நாலரை எஃப் ஷார்ப் (எஃப்-க்கு அடுத்து மேலே உள்ள கறுப்புக் கட்டை), ஐந்து ஜி. கட்டைதான் அவர்களுடைய எழுத்து. அதன் மேல் எந்தக் கட்டையில் ச வைக்கிறோமோ அதுதான் கீ, அல்லது டோனிக். இரண்டும் வேறு வேறு அடுக்கு. மூன்றரைக் கட்டை, ஏழரைக் கட்டை என்று யாரும் பாடுவதில்லையே, ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? இ-க்கும் எஃப்-க்கும் நடுவிலும், பி-க்கும் சி-க்கும் நடுவிலும் கறுப்புக் கட்டை கிடையாது. (ஏழரை எனக்கு அந்த வருடம் நடந்துகொண்டிருந்தது, கீபோர்டில் இல்லை.) கீபோர்டில் ஒரு கட்டையிலிருந்து அதை ஒட்டிய அடுத்ததற்கு, கறுப்போ வெள்ளையோ, ஒரு செமிடோன். இரண்டு செமிடோன் ஒரு டோன். ஒரு ஆக்டேவுக்கு (ச-விலிருந்து மேல் ச வரை) 12 செமிடோன். இதைக் கையால் தொட்டு எண்ணிவிட்டு மற்றதற்குப் போங்கள்.

மேஜர் ஸ்கேல் என்பது பெயர்களின் பட்டியல் இல்லை, ஒரு இடைவெளிக் கணக்கு: 2, 2, 1, 2, 2, 2, 1. எங்கிருந்து தொடங்கினாலும் இந்தக் கணக்கில் ஏறினால் மேஜர். அது சங்கராபரண ராகத்தின் ஸ்வர ஸ்தானங்கள்தான். டி-யில் ச வைத்துச் சங்கராபரணம் வாசித்தால் எஃப், சி இரண்டும் தானாகவே கறுப்புக்குப் போய்விடும், அதுதான் டி மேஜரின் இரண்டு ஷார்ப். இது விளங்கிய அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. பன்னிரண்டு மேஜர் ஸ்கேல்களைத் தனித்தனிப் பட்டியலாக எழுதி எழுதி மனப்பாடம் செய்திருந்தேன், ஒரு நோட்டுப் புத்தகமே தீர்ந்திருந்தது. காது பாடிக் காட்டியிருக்கும், விரல் தேடிப் பிடித்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை, ஸ்கேல் வேறு, ராகம் வேறு. சங்கராபரணம் என்று நான் சொல்வது ஸ்தானங்களை மட்டும். கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது), பிடிப்பு, எந்த ஸ்வரத்தில் நிற்கலாம் என்பதெல்லாம் மேஜர் ஸ்கேலில் கிடையாது, அதைத் தேடவும் வேண்டாம். அதேபோல டோ ரே மி விஷயத்திலும் உஷாராக இருங்கள். இங்கிலாந்து வழியில் வந்த டானிக் சோல்-ஃபா முறையில் டோ நம் ச மாதிரி நகரும். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயினில் டோ என்றால் எப்போதும் சி. இணையத்தில் இரண்டு வகையும் கலந்து கிடக்கிறது. பார்க்கிற வீடியோ எந்த வகை என்று முதலில் உறுதி செய்யாமல் உள்ளே போகாதீர்கள், நான் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து இரண்டையும் தொலைத்தேன்.

ஆன்லைன் வகுப்பில் சந்தேகம் கேட்டால் ஒரு பதில் வரும்: கஷ்டமாக இருந்தால் எல்லாவற்றையும் சி-யில் வாசித்துவிட்டு, சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திக்கொள்ளுங்கள். பட்டன் கெட்டதல்ல, பாடகர் திடீரென்று சுருதியை மாற்றினால் அது காப்பாற்றும். ஆனால் படிக்கிற காலத்தில் அதைத் தொட்டால் கண் ஒரு நோட்டைப் பார்க்கிறது, விரல் அதே நோட்டைத் தொடுகிறது, காதில் வேறொன்று விழுகிறது. மூன்றும் சேர்ந்தால்தான் நினைவில் நிற்கும். அப்புறம் ஒரு நாள் பட்டனே இல்லாத பியானோ முன் உட்கார நேரிடும். எனக்கு நேர்ந்தது, எஃப் மேஜரில் ஒரு எளிய வரியைக்கூட வாசிக்க முடியவில்லை.

எஃப் மேஜர் என்றதும் அடுத்த தலைவலி. அதில் நாலாவது நோட்டு பி ஃபிளாட் (பி-க்கு ஒரு செமிடோன் கீழே). அதே கறுப்புக் கட்டைதானே ஏ ஷார்ப், ஏன் அப்படி எழுதக்கூடாது? ஒரு மாதிரி வாதம் பண்ணிக்கொண்டு வீம்புக்கு ஏ ஷார்ப் என்றே எழுதிக்கொண்டிருந்தேன். பதில் நம் வீட்டிலேயே இருந்தது. கர்நாடக இசையில் 12 ஸ்தானங்களுக்கு 16 பெயர். சங்கராபரணத்தில் சதுஸ்ருதி ரிஷபம் என்கிற அதே இடம் கனகாங்கி ராகத்தில் சுத்த காந்தாரம். ஒரே கட்டைதான், ஆனால் ஒரு மேளத்தில் (தாய் ராகத்தில்) ஏழு ஸ்வரமும் ஒவ்வொரு முறை வர வேண்டும், ரி என்று ஒன்று ஏற்கெனவே வந்துவிட்டால் அடுத்தது க ஆகத்தான் வேண்டும். அங்கேயும் அதே சட்டம்: ஏழு எழுத்தும் ஒவ்வொரு முறை. எஃப், ஜி, ஏ வந்தாயிற்று, அடுத்தது பி-யாகத்தான் இருக்க வேண்டும், அதனால் பி ஃபிளாட். தாளில் எழுதும்போது இதன் பலன் தெரியும், ஒரு கோட்டில் ஒரே எழுத்துக்கு இரண்டு வேலை கொடுத்தால் ஷார்ப்பும் அதை ரத்து செய்யும் நேச்சுரலும் மாறி மாறி வந்து படிக்கவே முடியாது. ஐந்தரைக் கட்டையில் பாடுகிறவருக்கு எழுத நேர்ந்தால் ஜி ஷார்ப் மேஜர் என்று எழுதாதீர்கள், அதில் ஒரு டபுள் ஷார்ப் வந்து தொலைக்கும். ஏ ஃபிளாட் மேஜர் என்று எழுதினால் நாலே ஃபிளாட்டில் முடிந்துவிடும்.

இன்டர்வல் (இரண்டு நோட்டுக்கு நடுவிலுள்ள தூரம்) எண்ணும் முறைக்கு நான் இன்னும் மன்னிப்பு வழங்கவில்லை. சி-யிலிருந்து ஜி ஐந்தாவது, ஃபிஃப்த். தொடங்கும் நோட்டையும் ஒன்று என்று சேர்த்து எண்ண வேண்டும், திங்கட்கிழமையை ஒன்று என்று எண்ண ஆரம்பித்தால் அடுத்த திங்கள் எட்டாக வருகிற மாதிரி. அதனால்தான் எட்டாவது ஆக்டேவ். அதனால்தான் ஒரு தேர்டின் மேல் இன்னொரு தேர்ட் வைத்தால் சிக்ஸ்த் ஆகாமல் ஃபிஃப்த் ஆகிறது. இது எழுத்துக் கணக்கு. செமிடோன் கணக்கு தனி: அதில் தொடக்கத்தை எண்ணக்கூடாது, ஃபிஃப்த் என்பது 7 செமிடோன். இரண்டு கணக்கையும் ஒரே பாடத்தில் எங்கள் வகுப்பில் கலந்து சொன்னார்கள். ஃபிஃப்த் என்றால் 5 செமிடோன் என்று எண்ணி, ப வர வேண்டிய இடத்தில் ம வாசித்துக்கொண்டிருந்தேன். காது தப்பு தப்பு என்று கத்துகிறது, புத்தகம் சொல்கிறதே என்று காதை அடக்கினேன். தயவுசெய்து காதை நம்புங்கள். ச-ப பெர்ஃபெக்ட் ஃபிஃப்த். ச-வுக்கும் சுத்த மத்யமத்துக்கும் பெர்ஃபெக்ட் ஃபோர்த், 5 செமிடோன். அந்தர காந்தாரம் மேஜர் தேர்ட், 4. சாதாரண காந்தாரம் மைனர் தேர்ட், 3. கைசிகி நிஷாதம் மைனர் செவன்த், காகலி நிஷாதம் மேஜர் செவன்த். பிரதி மத்யமத்தை மட்டும் எழுதுகிற விதத்தைப் பொறுத்து ஆக்மென்டட் ஃபோர்த் என்றோ டிமினிஷ்ட் ஃபிஃப்த் என்றோ சொல்வார்கள், ஆறு செமிடோன். தம்பூராவோடு பாடிப் பழகியிருந்தால் கீபோர்டின் காந்தாரம் கொஞ்சம் ஏறினாற்போல் கேட்கும், அது உங்கள் காதின் குற்றமில்லை. 12 செமிடோனும் சம அளவில் இருக்கும்படி சுருதி சேர்த்ததால் அந்த மேஜர் தேர்ட் 400 செண்ட் (ஒரு செமிடோன் 100 செண்ட்), இயற்கையாக இழையும் காந்தாரம் சுமார் 386.

கீ சிக்னேச்சர், அதாவது வரியின் தொடக்கத்தில் போடும் ஷார்ப் அல்லது ஃபிளாட் கூட்டம், பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஷார்ப்கள் எப்போதும் எஃப், சி, ஜி, டி, ஏ, இ, பி என்ற வரிசையில்தான் சேரும், ஃபிளாட்கள் இதைத் தலைகீழாகப் படித்த வரிசையில். கடைசி ஷார்ப்புக்கு ஒரு செமிடோன் மேலே மேஜர் கீ. ஃபிளாட்டாக இருந்தால் கடைசிக்கு முந்தைய ஃபிளாட்தான் கீ, ஒரே ஒரு ஃபிளாட் என்றால் எஃப். ஆனால் அதே சிக்னேச்சர் மைனருக்கும் உண்டு, மேஜரிலிருந்து மூன்று செமிடோன் கீழே. ஷார்ப், ஃபிளாட் ஒன்றுமே இல்லாவிட்டால் சி மேஜராகவும் இருக்கலாம், ஏ மைனராகவும் இருக்கலாம். பாட்டு எந்த நோட்டில் வந்து அமர்கிறது என்று பார்க்க வேண்டும், நடுவில் ஜி ஷார்ப் அடிக்கடி எட்டிப் பார்த்தால் அநேகமாக ஏ மைனர். மைனரில் மூன்று வகை என்று பயமுறுத்துவார்கள். நேச்சுரல் மைனர் நடபைரவியின் ஸ்தானங்கள், ஹார்மானிக் மைனர் கீரவாணி, மெலாடிக் மைனர் ஏறும்போது கௌரிமனோகரி, இறங்கும்போது வழக்கமாக நடபைரவி. அவ்வளவுதான், முடிந்தது.

தாளத்தில் எனக்குச் சிக்கலே வராது என்று நம்பியிருந்தேன். அங்கேதான் அதிக நாள் போனது. முதல் காரணம் அற்பமானது. வாங்கிய இரண்டு புத்தகத்தில் ஒன்று பிரிட்டிஷ், இன்னொன்று அமெரிக்கன். ஒன்று செமிப்ரீவ், மினிம், க்ராட்செட், குவேவர், செமிகுவேவர் என்கிறது. இன்னொன்று அதையே ஹோல் நோட், ஹாஃப் நோட், குவார்ட்டர் நோட், எய்த் நோட், சிக்ஸ்டீன்த் நோட் என்கிறது. இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவிலுள்ள தாளப் பகுதியை ஒன்று பார் என்கிறது, மற்றது மெஷர் என்கிறது. இரண்டும் ஒரே சமாச்சாரம் என்று எந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் இல்லை, க்ராட்செட் என்பது ஏதோ தனி வகை நோட்டு என்று எண்ணித் தேடிக்கொண்டிருந்தேன். பரீட்சை எழுதும் எண்ணம் இருந்தால் அந்தத் தேர்வு எந்தப் பெயர்களைக் கேட்கும் என்று பார்த்துவிட்டு அந்த வகைப் புத்தகம் ஒன்று மட்டும் வாங்குங்கள். எண்ணம் இல்லாவிட்டால் அமெரிக்கப் பெயர்கள் கொஞ்சம் சுலபம், கணக்கு பெயரிலேயே இருக்கிறது. ஆனால் அதிலும் ஒரு குழி உண்டு. குவார்ட்டர் என்பது ஹோல் நோட்டில் கால், பாரில் கால் இல்லை. 3/4 என்ற பாரில் மூன்றே குவார்ட்டர் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு நாலாவது எங்கே என்று தேடக்கூடாது.

டைம் சிக்னேச்சரில் மேலே உள்ள எண் எத்தனை, கீழே உள்ளது எந்த வகை நோட்டு. கீழ் எண் வேகத்தைச் சொல்வதில்லை. இது தெரிந்தபின்பும் 3/4-ம் 6/8-ம் ஒன்றுதானே என்ற கேள்வி என்னை விடவில்லை, இரண்டிலும் ஆறு குவேவர்தான் கொள்ளும். அரையும் அரைக்காலும் போட்டுக் கணக்குப் பார்த்தால் இதற்கு விடை வராது. வாயால் சொன்னால் ஒரு நொடியில் வரும். 3/4 என்பது தக தக தக. 6/8 என்பது தகிட தகிட. அதே ஆறு, முதலாவதில் மூன்று அடி, இரண்டாவதில் இரண்டே அடி, ஒவ்வொரு அடிக்குள்ளும் திஸ்ர நடை. சிம்பிள் டைம், காம்பவுண்ட் டைம் என்று அவர்கள் சொல்வது இந்த வித்தியாசத்தைத்தான். 7/8 வந்தால் பயப்பட வேண்டாம், ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு தாளம் போடுகிற கை அதைச் சமாளிக்கும், ஆனால் எழுதியவர் 3+2+2 என்று பிரித்திருக்கிறாரா 2+2+3 என்று பிரித்திருக்கிறாரா என்பதைக் குவேவர்களைச் சேர்த்துக் கட்டிய பட்டைகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைப் பெரும்பாலும் இரண்டு 4/4 பாராக எழுதியிருப்பார்கள், ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) எங்கே முடிகிறது என்று தாள் சொல்லாது, நாம்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது மெட்ரோனோம் (வேகத்தைத் தட்டிக் காட்டும் கருவி) கதை. ஒரு 6/8 பாட்டின் தலையில் ஒரு நோட்டு வரைந்து, பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, சமம் 60 என்று போட்டிருந்தது. நான் அந்த 60-ஐக் குவேவருக்கு வைத்து வாரக்கணக்கில் பயிற்சி செய்தேன். நன்றாக வந்துவிட்டது என்ற பெருமையோடு குழுப் பயிற்சிக்குப் போனால், அவர்கள் அதைப்போல மூன்று மடங்கு வேகத்தில் கிளம்பினார்கள். முதல் பக்கத்தைக்கூட முடிக்க முடியவில்லை, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் புள்ளிதான் விஷயம். நோட்டுக்குப் பக்கத்தில் வைக்கும் புள்ளி அதன் பாதி அளவைக் கூட்டுகிறது, க்ராட்செட் இரண்டு குவேவர், புள்ளி வைத்த க்ராட்செட் மூன்று குவேவர். நிமிடத்துக்கு 60 என்பது தகிட-க்கு 60, த-வுக்கு இல்லை. எந்த நோட்டுக்கு அந்த எண் என்று பார்க்காமல் மெட்ரோனோமைத் தொடவே தொடாதீர்கள். நோட்டுக்குத் தலைக்கு மேலேயோ கீழேயோ வைக்கும் புள்ளி வேறு, அது ஸ்டக்காட்டோ, வெட்டி வாசிக்கச் சொல்வது. நம் முறையில் மேலே புள்ளி வைத்தால் தாரஸ்தாயி, கீழே வைத்தால் மந்தரஸ்தாயி என்று பழகிய கண்ணுக்கு இதுவும் ஒரு பொறி.

அதே பயிற்சியில் இன்னொன்றும் நடந்தது. ஒரு பாட்டின் முதல் பாரில் ஒரே ஒரு க்ராட்செட் மட்டும் இருந்தது, நான் அதை ஒன்று என்று எண்ணித் தொடங்கினேன். மற்றவர்களுக்கு அது நாலு, அடுத்ததுதான் ஒன்று. பாட்டு முழுக்க என் அழுத்தம் ஒரு அடி தள்ளியே விழுந்தது. நமக்குத் தெரிந்த அதீத எடுப்புதான் அது, தாளத்தின் முதல் அடியான சமத்துக்கு முன்னாலேயே பாட்டு தொடங்கிவிடுவது. அவர்கள் பிக்கப் என்றோ அனக்ரூசிஸ் என்றோ சொல்வார்கள். முதல் பாரில் எடுத்துக்கொண்ட அந்த அடியைக் கடைசி பாரில் குறைத்து எழுதுவது வழக்கம், முதல் பார் ஒல்லியாகத் தெரிந்தால் கடைசி பாரையும் எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

இரண்டு குறிகள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாட்டின் நடுவில் ஒரு நோட்டுக்கு முன்னால் போட்ட ஷார்ப் அந்த பார் முடியும் வரை அதே ஸ்தாயியில் உள்ள அந்த நோட்டுக்குச் செல்லும், பார் கோடு தாண்டினால் செல்லாது. அடுத்து, இரண்டு நோட்டை இணைக்கும் வளைகோடு. இரண்டும் ஒரே சுருதி என்றால் அது டை, இரண்டாவதை மறுபடி அழுத்தாமல் நீட்ட வேண்டும். சுருதி வேறு வேறு என்றால் ஸ்லர், இழைத்து வாசிக்க வேண்டும். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

கடைசியாகப் பணம் போன கதை. கொஞ்சம் தைரியம் வந்ததும் ஒரு மெட்டை நானே எழுதி, குழுவில் கிளாரினெட் வாசிக்கும் பெண்ணுக்கும் ஒரு படி கொடுத்தேன். மணிக்கணக்கில் வாடகை வாங்கும் ஒலிப்பதிவு அறை. நான் சி மேஜரில் வாசிக்கிறேன், அவளிடமிருந்து எல்லாமே ஒரு டோன் கீழே வருகிறது. கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் மாறியிருக்கிறதா என்று தேடினோம், கேபிளைக்கூட மாற்றிப் பார்த்தோம். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் அவள் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது கன்சர்ட் பிட்ச்ல இருக்கே, என்னோடது பி ஃபிளாட் கிளாரினெட்" என்றாள். கன்சர்ட் பிட்ச் என்றால் காதில் கேட்கும் சுருதியிலேயே எழுதுவது. அவள் தாளில் சி-யைப் பார்த்து வாசித்தால் வெளியே வருவது பி ஃபிளாட். சி கேட்க வேண்டுமென்றால் அவளுக்கு டி எழுத வேண்டும், அதாவது பாட்டு முழுவதையும் ஒரு டோன் ஏற்றி டி மேஜரில். ட்ரம்பெட்டும் பெரும்பாலும் பி ஃபிளாட்தான். ஆல்டோ சாக்ஸஃபோன் இ ஃபிளாட், அதற்கு மேஜர் சிக்ஸ்த் ஏற்றி எழுத வேண்டும். கிதார் எழுதியதற்கு ஒரு ஆக்டேவ் கீழே ஒலிக்கும். புல்லாங்குழல், வயலின், பியானோ எழுதியபடியே ஒலிக்கும். நான் வாங்கிய இரண்டு புத்தகத்திலும் இது இருந்தது, கடைசி அத்தியாயத்தில். அங்கே வரைக்கும் யார் போகிறார்கள்? இன்னொருவருக்கு ஒரு வரி எழுதிக் கொடுப்பதாக இருந்தால்கூட, அந்த வாத்தியம் எதில் இருக்கிறது என்று வாசிப்பவரிடமே முதல் நாள் கேட்டுவிடுங்கள், அறை எடுத்த பிறகு வேண்டாம்.

மறுபடி முதலிலிருந்து படிப்பதாக இருந்தால் எந்த வரிசையில் போவேன் என்று ஒரு நண்பர் கேட்டார். முதலில் தாளே வேண்டாம் என்றேன். கீபோர்டில் செமிடோன் எண்ணுவது, மூன்று நாலு வெவ்வேறு கட்டையில் ச வைத்து மேஜரும் மைனரும் தேடிப் பிடிப்பது, இன்டர்வல்களை வாயால் பாடுவது. தாளத்துக்குக் கை தட்டி, வாயால் சொல்லி, அதன் பிறகு எழுதிப் பார்ப்பது. இதெல்லாம் வந்தபிறகு ஐந்து கோட்டைத் திறந்தால் ஏற்கெனவே கையில் உள்ளதற்குத்தான் அங்கே படம் போட்டிருக்கும். தெரிந்த ஒரு எளிய கீதத்தை நாமே ஸ்டாஃபில், அதாவது அந்த ஐந்து கோட்டில், எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி, பாட்டு தெரியும் என்பதால் எங்கே எழுத்து தவறுகிறது என்று காதே சொல்லிவிடும். கமகம் நிறைந்த உருப்படியை எடுக்காதீர்கள், அது அந்தக் கோடுகளுக்குள் அடங்காது, அடங்காததற்கு உங்களை நொந்துகொள்வீர்கள்.

ஆசிரியரோ வகுப்போ தேடுகிறீர்கள் என்றால் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: 3/4-க்கும் 6/8-க்கும் என்ன வித்தியாசம்? பின்னம் போட்டு விளக்க ஆரம்பித்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கையைத் தட்டிக் காட்டினால் தாராளமாகக் கட்டலாம்.